ஆட்டங்காட்டி சோணைமுத்து

சோணைமுத்துவுக்குப் பயம் வியர்வை மாதிரி. வேலை செய்ய வேண்டாம், வெயிலில் நிற்க வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தாலே வந்துவிடும். இடிக்குப் பயம், கொம்பு சீவிய மாட்டுக்குப் பயம், சோழவந்தான் பஸ் வளைவில் சாய்ந்தால் பயம், யாராவது பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பயம். கல்யாணத்தில் தாலியைக் கையில் கொடுத்தபோது விரல் ஆடிய ஆட்டத்தில் மூன்று முடிச்சையும் அவன் அக்காவே போட வேண்டியதாயிற்று. வீட்டுக்குள் பாம்பு வந்தால் அடிக்க வேண்டியது யார் என்று ஒச்சம்மாளுக்கு அந்த மணவறையிலேயே தெரிந்துபோனது.

இப்படிப்பட்ட ஆள் பிழைத்தது தண்ணீர்மேல். அதுவும் இரண்டு ஆள் ஆழம் நிற்கும் ஊர்க் கண்மாயில். கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்தப் பிழைப்பே பயத்தில் பிறந்ததுதான்.

எழுபத்துநாலில் மழை பொய்த்தபோது உப்பள வேலைக்கென்று தூத்துக்குடி போனான். அங்கே ஒரு நாள், கூலி அதிகம் என்று யாரோ சொல்ல, சீலா மீன் பிடிக்கப் போகும் படகில் ஏறிவிட்டான். கரை கண்ணிலிருந்து மறைந்ததும் உயிர் தொண்டைக்கு வந்தது. கூடவே காலையில் தின்ற இட்லியும் வந்தது. படகு விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டுக் கிடந்தவன் கண்ணுக்கு நேராக, படகுக்குப் பின்னால் கயிற்றில் சில சாமான்கள் குதித்துக்கொண்டு வந்தன. தகரத் துண்டு, கலர் நூல் குஞ்சம், கட்டையில் செதுக்கிய தலை. ஒன்றிலும் தூண்டில் இல்லை. எதற்கு இது என்று ஓங்கரிப்புக்கு நடுவே கேட்டான். அடியில் கிடக்கிற பெரிய மீன் இதைக் குட்டி மீன் கூட்டம் என்று நினைத்துத் துரத்திக்கொண்டு மேலே வரும், வந்த பிறகுதான் தூண்டில் கயிறு விடுவோம், முதலில் ஆசை காட்ட வேண்டும் என்று படகுக்காரர் விளக்கினார்.

மறுநாளே மதுரை பஸ் ஏறிவிட்டான். கடல் அவன் மனசில் நிற்கவில்லை. மீன் இருக்கிற இடத்துக்கு நாம் இறங்க வேண்டியதில்லை, நாம் இருக்கிற இடத்துக்கு அதை வரவழைக்கலாம் என்பது மட்டும் நின்றது.

ஊர்க் கண்மாயின் மீனைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் விருமாண்டி. அவரிடம் வேலை செய்தவர்கள் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, கையால் துழாவி, வலை இழுத்தார்கள். சோணைமுத்துவுக்குக் காலில் ஏதாவது உரசினால் போதும், கரையில் நிற்பான். எப்படி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. ஆகவே இரண்டு லாரி டியூப்புக்குக் காற்றடித்துச் சேர்த்துக் கட்டினான். அதன்மேல் ஒச்சம்மாள் சீதனமாகக் கொண்டுவந்த கயிற்றுக் கட்டிலை, கால்கள் டியூப் ஓட்டைக்குள் இறங்கி நிற்கும்படி வைத்துக் கட்டினான். தெப்பம் ஆயிற்று. ஒச்சம்மாள் அன்று முதல் தரையில் படுத்தாள். அவள் அதற்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பின்னால் கட்டி இழுக்கும் சாமானையும் அவனே செய்தான். ஒரு நீளமான நைலான் கயிறு. அதில் பத்தாவது முழத்தில் ஒன்று, பதினைந்தாவது முழத்தில் ஒன்று, இருபதாவது முழத்தில் கடைசி ஒன்று என்று, கை நீளக் கிளைக் கயிறுகளில் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் தலை, சாய்வாக வெட்டிய தேங்காய்ச் சிரட்டை. அது தண்ணீரை வாயில் வாங்கி மடக் மடக்கென்று கொப்பளித்துக்கொண்டே வரும். தலைக்குப் பின்னால் பால்பவுடர் டின் மூடியில் வெட்டிய தகரம். அதற்கும் பின்னால் பாவாடை மாதிரித் துணிக் கிழிசல்கள். புரளாமல் இருக்க அடியில் சைக்கிள் நட்டு. மெதுவாகத் துடுப்புப் போட்டால் மூழ்கிவிடும், வேகமாகப் போட்டால் பல்டி அடிக்கும். ஒரே சீராக இழுத்தால்தான் உயிர் வந்த மாதிரி ஆடும். அப்போது அடியில் கிடக்கும் விராலும் வாளையும் ரோஷம் தாங்காமல் மேலே வரும். ஊரார் அதற்கு ஆட்டங்காட்டி என்று பெயர் வைத்தார்கள். கொஞ்ச நாளில் அதே பெயரை அவனுக்கும் வைத்தார்கள்.

மீன் மேலே வந்ததும் வலை வீச ஆள் வேண்டும். வலை வீச எழுந்து நிற்க வேண்டும். நிற்கச் சோணைமுத்துவுக்குப் பயம். அதற்குத்தான் மருது. ஒச்சம்மாளின் தம்பி. ஆத்தா செத்த பிறகு ஆறு வயதில் அக்கா இடுப்பில் ஏறி இந்த வீட்டுக்கு வந்தவன். இப்போது இருபத்திரண்டு வயது, வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். ஊரில் இருந்த பயத்தையெல்லாம் மச்சான் மொத்தமாக வாங்கிவிட்டார், எனக்கு மிச்சம் வைக்கவில்லை என்பான். பிள்ளையில்லாத வீட்டில் அவன்தான் பிள்ளை. சோணைமுத்து இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. மருது கண்மாயில் முங்கினால் மட்டும் மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவான். இருபதுக்குள் தலை தெரியாவிட்டால் கரையைப் பார்த்துக் கத்துவான்.

இப்படிக் கத்திக் கத்தியே அவன் கத்தலுக்கு ஊரில் மதிப்புப் போய்விட்டது. ஒருமுறை முதலை என்று கத்தினான். எல்லாரும் ஓடி வந்து பார்த்தால் யாரோ தூக்கிப் போட்ட கலப்பை. ஒருமுறை பாம்பு என்றான். அது அவன் கட்டிய கயிறே. அதற்கு அப்புறம் அவன் கத்தினால் கரையில் மாடு குளிப்பாட்டுகிறவர்கள் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.

அந்தக் கண்மாயில் அவன் உண்மையாகவே பயப்பட வேண்டிய இடம் ஒன்று இருந்தது. அது மடை. தண்ணீருக்குள் இரண்டு கல்தூண், நடுவே இரும்புத் திருகு, கரையிலிருந்து அங்கே நடந்துபோக ஒரு கல்பலகை. திருகைச் சுற்றினால் அடியில் கதவு மேலேறி ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை திறக்கும். மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். கீழே ஓட்டை எதைக் கண்டாலும் இழுக்கும். எருமைக்கன்று ஒன்று உள்ளே போனதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அதனால் மடை திறந்திருக்கும் நாளெல்லாம் தூணில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பிரித்து விடும் நீர்க்கட்டி வீரணன், திறந்ததும் கட்டுவார், அடைத்ததும் அவிழ்ப்பார். தண்டோரா கிடையாது, வாய்ச்சொல் கிடையாது. துணி சொல்லும். அது மடையில் குடியிருக்கும் கருப்பசாமியின் துணி. தொட்டவன் வீட்டில் ஓர் ஆளை மடை எடுத்துக்கொள்ளும் என்பது ஊர் நம்பிக்கை.

எண்பத்தொன்று, தை மாதம், ஒரு புதன்கிழமை. மடைக்குப் பக்கத்தில் கிடக்கும் பெரிய வாளையை நாளைக்குள் மேலே கொண்டு வராவிட்டால் வெளியூர் இழுவலைக்காரர்களைக் கூட்டிவரப் போவதாக விருமாண்டி சொல்லிவிட்டார். சோணைமுத்து புதிதாக ஓர் ஆட்டங்காட்டி செய்தான். தலை தயார், தகரம் தயார். வாளை சிவப்புக்குத்தான் மயங்கும் என்பது அவன் கண்டுபிடிப்பு. ஒச்சம்மாளின் சிவப்புச் சேலையெல்லாம் ஏற்கெனவே கண்மாயில் ஆடி முடிந்திருந்தது. துணி வாங்கச் சோழவந்தானுக்கு நடந்தான். பாதி வழியில் அரிசி மில் நாய் படுத்திருந்தது. தூங்குகிறதா என்று தூரத்தில் நின்று பார்த்தான். ஒரு கண் திறந்திருந்தது. திரும்பிவிட்டான்.

வருகிற வழியில் மடை. உச்சி வெயில், கரையில் ஆள் இல்லை. தூணில் புத்தம்புதுச் சிவப்புத் துணி, நாலு முழம் இருக்கும். தண்ணீர் முறை வெள்ளிக்கிழமைதான் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே போன முறை கட்டியதை வீரணன் அவிழ்க்க மறந்துவிட்டார் என்று முடிவு கட்டினான். பயிர் காய்கிறதென்று மேற்குவயல்காரர்கள் வந்து கெஞ்சி, அன்று காலையே வீரணன் மடையைத் திறந்துவிட்டுத் தண்ணீரோடு மேற்கே போயிருந்தது அவனுக்குத் தெரியாது. கல்பலகையில் நடக்கும்போது அவன் காதில் அவன் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான் கேட்டது. கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கவில்லை. பதறாமல் திருடத் தெரிந்தவனுக்குக் கேட்டிருக்கும்.

கருப்பா, மீன் கிடைத்ததும் திரும்பக் கட்டிவிடுகிறேன் என்று கும்பிட்டுவிட்டுத்தான் அவிழ்த்தான். வீட்டில் உட்கார்ந்து அதை விரல் அகலக் கிழிசல்களாகக் கிழித்து முடித்த பிறகுதான், இனி எதைத் திரும்பக் கட்டுவது என்பது உறைத்தது.

மறுநாள் காலை ஆட்டங்காட்டியைக் கயிற்றின் கடைசியில் கட்டும்போது மருது துணியைத் தடவிப் பார்த்தான்.

"நல்ல துணியா இருக்கே. சோழவந்தான் கடையா?"

"ஆமா."

"மில்லு நாயி விட்டுருச்சா?"

"தூங்கிக்கிட்டு இருந்துச்சு" என்றான் சோணைமுத்து, கயிற்றைப் பார்த்தபடியே.

விருமாண்டி குடை பிடித்துக்கொண்டு கரையில் நின்றார். தெப்பம் நகர்ந்தது. முன்னால் சோணைமுத்து துடுப்போடு, பின்னால் மருது வலையைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு. சிரட்டைகள் மடக் மடக்கென்று பேச ஆரம்பித்தன. சிவப்பு ஆட்டங்காட்டி பாவாடையை விரித்துச் சுருக்கி, விரித்துச் சுருக்கி வந்தது. அவன் செய்ததிலேயே அதுதான் அழகு. அவனுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

தண்ணீருக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவேல மரத்தைச் சுற்றி, மடைத் தூண்களுக்கு எதிரே தெப்பம் போனது. அப்போது கடைசி ஆட்டங்காட்டி ஆடுவதை நிறுத்தியது. பின்னால் வர வேண்டியது மெல்லப் பக்கவாட்டில் போனது. ஒரு சுழி இல்லை, வால் அடித்த தெறிப்பு இல்லை. யாரோ விரலைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது மாதிரி தூண்களைப் பார்த்துப் போய், சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. அதன் பின்னே இரண்டாவது.

சோணைமுத்துவின் கையிலிருந்த துடுப்பு நின்றது. கருப்பசாமி துணியைப் பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான்.

வாளை, வாளை என்று மருது உற்சாகமாகக் கயிற்றைப் பிடித்தான். கொஞ்ச நேரத்தில் முகம் மாறியது. மீன் என்றால் கயிறு உதறும். இது உதறவில்லை. இழுத்தது, அவ்வளவுதான். தெப்பம் நின்று, பிறகு பின்பக்கமாக நகர்ந்தது. அப்போதுதான் சோணைமுத்துவுக்குப் புரிந்தது. கருப்பசாமி இல்லை. தண்ணீர்.

ஏதோ கட்டையில் மாட்டிக்கொண்டது, எடுத்துவிட்டு வருகிறேன் என்று மருது வலையைக் கட்டிலில் போட்டான்.

"இறங்காத மாப்ள. மடை தொறந்திருக்கு."

மருது தூண்களைத் திரும்பிப் பார்த்தான். வெறும் கல் நின்றது.

"துணி எங்க மச்சான் இருக்கு? அன்னைக்கு மொதல, இன்னைக்கு மடையா?"

பதில் சோணைமுத்துவின் தொண்டை வரை வந்தது. ஒரு மூச்சு நேரம். அந்த ஒரு மூச்சு நேரத்தில் சொல்லியிருக்கலாம். அவன் கயிற்றைப் பார்த்தான், மருது குதித்துவிட்டான்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டே பத்து முழம் நீந்திப் போனான். முதல் ஆட்டங்காட்டி இருந்த இடத்தில் முங்கிக் காலால் துழாவினான். எழுந்தபோது அவன் முகத்தில் சோணைமுத்து இதுவரை பார்க்காத ஒன்று இருந்தது. கிளைக் கயிறு கணுக்காலில் சுற்றிக்கொண்டது. கீழே மடை கயிற்றை இழுக்க இழுக்க அது இறுகியது. மருது இரண்டு கையாலும் மேல்கயிற்றைப் பிடித்துத் தொங்கினான். தண்ணீர் தாடையைத் தொட்டது.

சோணைமுத்து எண்ண ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு. தெப்பம் மடைப்பக்கம் ஒரு சாண் நகர்ந்தது, தண்ணீர் மருதுவின் வாய்க்கு ஏறியது. இன்னொரு சாண், மூக்குக்கு. எண்ணுவதை விட்டான். தெப்பம் போனால் கயிறு தளரும், கயிறு தளர்ந்தால் மருது அடியில் போவான். அறுத்தால் மொத்தமாகப் போவான். தெப்பம் நிற்க வேண்டும். கட்டிலில் குப்புறப் படுத்து, கட்டில் சட்டத்துக்குள் இரண்டு காலையும் மாட்டினான். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது அந்தக் கருவேலமரம் ஒன்றுதான். அதைக் கட்டிப்பிடித்தான்.

கருவேல முள் எவ்வளவு நீளம் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெப்பம் பின்னால் இழுக்க, அவன் மரத்தை நெஞ்சோடு சேர்த்து இறுக்கினான். தெப்பம் நின்றது. மருதுவின் வாய் தண்ணீருக்கு மேலே வந்து காற்றை அள்ளியது.

சோணைமுத்து மடை, மடை என்று கரையைப் பார்த்துக் கத்தினான். மாடு குளிப்பாட்டியவர்கள் மாடு குளிப்பாட்டினார்கள். இன்றைக்கு என்னடா, முதலையா பாம்பா என்று விருமாண்டி கேட்டது தண்ணீர்மேல் தெளிவாக வந்தது. யாரோ சிரித்தார்கள். சோணைமுத்து மறுபடியும் கத்தினான். அழுதான். ஆட்டங்காட்டி மரத்துக்கு முத்தம் கொடுக்கிறான் என்று ஒரு குரல் சொன்னது.

அவன் பயந்தவைகளெல்லாம் அப்போது வரிசையில் நின்றிருந்தால், கடைசியில் எல்லாவற்றையும்விட உயரமாக ஒன்று நின்றிருக்கும். ஊர்க்கூட்டம். கருப்பசாமி துணியைக் களவாண்டவன் என்று நடுவில் நிறுத்துவார்கள். ஒச்சம்மாள் கேட்டுக்கொண்டு நிற்பாள். ஆனால் முதலை என்று பொய்யாகக் கத்தலாம், பாம்பு என்று தெரியாமல் கத்தலாம், இதை மட்டும் எவனும் சும்மா சொல்ல மாட்டான் என்பது அவனுக்கு உறைத்தது.

"கருப்பசாமி துணிய நான்தான் களவாண்டேன். நேத்து மத்தியானம், நான்தான் அவுத்தேன். மடை தொறந்து கெடக்கு, மருது உள்ள போறான்."

கரையில் சிரிப்பு அறுந்தது. மேற்கேயிருந்து அப்போதுதான் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறிய வீரணன் தூண்களைப் பார்த்தார். நேற்று தன் கையால் கட்டிய துணி அங்கே இல்லை. மண்வெட்டி விழுந்த இடத்திலேயே கிடந்தது. அறுபது வயது ஆள் கல்பலகையில் ஓடியதை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை.

திருகு துருப்பிடித்துக் கிறீச்சிட்டது. ஒரு சுற்று. தொங்கிக் களைத்த மருதுவின் கண் மட்டும் மேலே இருந்தது. இரண்டு சுற்று. கண்ணும் இல்லை, முடி மட்டும் மிதந்தது. சோணைமுத்து மரத்தை இன்னும் இறுக்கினான். வீரணனோடு விருமாண்டியும் குடையை எறிந்துவிட்டு வந்து திருகில் தொங்கினார். எத்தனை சுற்று என்று யாரும் எண்ணவில்லை. திடீரென்று கயிறு செத்தது. அத்தனை நேரம் கம்பி மாதிரி நின்ற கயிறு தொளதொளவென்று மிதந்தது. மருது தும்மிக்கொண்டும் வாந்தி எடுத்துக்கொண்டும் மேலே வந்தான். கணுக்கால் கயிற்றை உருவி எறிந்துவிட்டு, நீந்தி வந்து தெப்பத்தைப் பிடித்து ஏறினான்.

சோணைமுத்து மரத்தை விடவில்லை.

"விடுங்க மச்சான். வந்துட்டேன்."

"நீ கரையேறு."

"கட்டில்லதான் உக்காந்திருக்கேன். திரும்பிப் பாருங்க."

"கரையேறு மாப்ள. ரெண்டு காலும் தரையில வையி, நான் பாத்துக்கறேன்."

மருதுவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மடை அடைத்தாயிற்று, பயமில்லை என்று எவ்வளவோ சொன்னான். மச்சான் அசையவில்லை. வேறு வழியில்லாமல் நீந்திக் கரையேறி, இரண்டு காலையும் மண்ணில் ஊன்றி நின்று, பார்த்துக்கொள்ளுங்கள் என்று கையை உயர்த்தினான். அதைப் பார்த்த பிறகு சோணைமுத்து கையை விட்டான். விட்டதும் மயங்கித் தண்ணீரில் சரிந்தான். ஈரம் காயக்கூட நேரமில்லாமல் மருது மறுபடியும் குதிக்க வேண்டியதாயிற்று.

கரையில் போட்டபோது கூட்டம் சுற்றி நின்றது. இவனை என்ன செய்வது என்று ஒரு பேச்சு எழுந்தது. கை ஓங்கிக்கொண்டு வந்த வீரணன், அவன் நெஞ்சையும் கைகளையும் பார்த்துவிட்டு ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். துணியைத் தொட்டவன் வீட்டு ஆளை மடை எடுத்தது உண்மை, இவன் போராடித் திரும்ப வாங்கிக்கொண்டான், இதற்கு மேல் ஊர் கேட்க என்ன இருக்கிறது என்றார். விருமாண்டி இழுவலைக்காரர்களைப் பற்றி அன்று எதுவும் பேசவில்லை.

ஒச்சம்மாள் செய்தி கேட்டு ஓடி வந்தாள். தம்பியைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். கணுக்காலில் கயிறு அறுத்த தடத்தைப் பார்த்தாள். பிறகு புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் வளையலில் கோர்த்திருந்த ஊக்கைக் கழற்றி விரித்தாள். முள் எடுக்க வேண்டும். நெஞ்சில் மட்டும் முப்பதுக்குக் குறையாது.

சோணைமுத்து கண் விழித்து ஊக்கைப் பார்த்தான். உடம்பு முழுக்க முள்ளோடு கிடந்தவன் அந்த ஒரு முனையைக் கண்டு பின்னால் நகர்ந்தான்.

"வலிக்குமா?" என்று கேட்டான்.

"கண்ண மூடிக்கங்க" என்றாள் ஒச்சம்மாள்.

மருது மச்சானின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். சோணைமுத்து கண்ணை இறுக மூடினான். முதல் முள் வெளியே வந்தபோது ஊரே கேட்கும்படி அலறினான். இரண்டாவதுக்கும் அலறினான். அலறலுக்கு நடுவே அவன் கை மட்டும் மண்ணில் துழாவிப் போய், மருதுவின் கணுக்காலைத் தேடிப் பிடித்துக்கொண்டது.